பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன் கிலோமீட்டர் கணக்குப் போடுவது எப்படி?

"அண்ணே, ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லா இருக்கும்?" என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் சின்ன வயதுப் பையன்கள். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம், இல்லையென்றால் வீட்டு நகையை அடகு வைத்த பணம். அடுத்து அவர்கள் கேட்பது மைலேஜ், அதற்கடுத்து விலை. இந்த இரண்டை மட்டும் பார்த்து வண்டி எடுத்து, டியூ கட்ட முடியாமல் ஒன்றரை வருஷத்தில் விற்றவர்களை எனக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவிடம் கற்றதையும் நான் அடிபட்டுக் கற்றதையும் சேர்த்து, முதல் வண்டி வாங்குகிறவருக்குப் புரிகிற மாதிரி படிப்படியாக எழுதுகிறேன். பேனாவும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: லோடு என்ன, தூரம் எவ்வளவு?

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் மூன்று எண்களை எழுதுங்கள். ஒரு நடைக்கு எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மாதத்தில் எத்தனை நாள் ஓடும். தோராயம் போதும், ஆனால் ஆசையைக் கலக்காதீர்கள். "தினமும் லோடு கிடைக்கும்" என்பது ஆசை. இப்போது அந்த லோடை யார் ஏற்றுகிறார், மாதத்தில் எத்தனை நடை போகிறார் என்று விசாரித்து எழுதுவதுதான் கணக்கு.

நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர், அதுவும் ஊருக்குள்ளேயே என்றால் டீசல் வண்டியே உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். சி.என்.ஜி. வண்டிகள் இருக்கின்றன, டாடா ஏஸில் 2022இல் மின்சார வண்டியும் வந்துவிட்டது. டீசல் வண்டிக்கு வேலை நீண்ட ஓட்டத்தில்தான்.

இரண்டாம் படி: ரகத்தை முடிவு செய்யுங்கள்

2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். சந்துக்குள் நுழையும், முக்கால் டன் இழுக்கும். நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்றே பெயர் வந்துவிட்டது. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். அதற்கு மேலே ஒன்றரை டன், 1.7 டன் என்று போனால் மகிந்திரா பொலீரோ பிக்கப், நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இன்ஜின்.

இதில் எது உழைக்கும் என்பது கம்பெனியைவிட நீங்கள் ஏற்றும் எடையைப் பொறுத்தது. முக்கால் டன் வண்டியில் தினமும் ஒன்றரை டன் ஏற்றினால் எந்தக் கம்பெனி வண்டியும் தாங்காது. முதலில் கிளட்ச் பிளேட் போகும், அப்புறம் பின் ஸ்பிரிங் பட்டை, அப்புறம் வீல் பேரிங். போலீஸ் பிடித்தால் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிற தொகை இது. ஒரு தடவை மாட்டினாலே அந்த மாத லாபம் போய்விடும்.

லோடோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் சரக்கு பெர்மிட் வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமம் பற்றியும் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

மூன்றாம் படி: பி.எஸ்.4 வண்டியா, பி.எஸ்.6 வண்டியா?

பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த அளவுகோல். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாய்ப் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகை சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். இருபது நிமிஷமாவது நிற்காமல் ஓடினால்தான் அது நடக்கும். கடைத்தெருவில் நிறுத்தி நிறுத்திச் சரக்கு இறக்குகிற வண்டியில் கரி எரிய நேரமே கிடைக்காது. முதலில் டேஷ்போர்டில் விளக்கு எரியும், கவனிக்காமல் விட்டால் இழுவை குறையும், கடைசியில் ஆயிரக்கணக்கில் செலவு.

அதனால் நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறவர் பி.எஸ்.6 எடுக்கலாம். அதற்கு மேனுவலில் சொன்ன சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும், விலை கூடுதல் என்று கடையில் கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டி அடைக்கும். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் நல்ல நிலையில் இருக்கிற பி.எஸ்.4 தேடலாம். வடிகட்டியைக் கழற்றி எறிந்த வண்டி என்று தெரிந்தால் வாங்காதீர்கள். அது சட்டப்படி தவறு, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கும்போதும் மாட்டுவீர்கள்.

நான்காம் படி: காலையில் போய்ப் பாருங்கள்

இதில்தான் ஆறப்பொறுத்து நேரம் செலவிட வேண்டும். முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் ரேடியேட்டர் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் வேறொரு நாள் போங்கள். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

சில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது ஆயில் குச்சியை உருவும்போது ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் பேச வேண்டாம், வந்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். முதல் சில விநாடி வெள்ளைப் புகை பரவாயில்லை, நிற்காமல் வந்தால் தொல்லை. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை ஏர் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். ஃபில்டர் செலவு சின்னது, மற்ற இரண்டும் பெரியது. எது என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே விலை பேசுங்கள்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்துகொண்டு அங்கேயே இருந்தால் நல்லது. துள்ளி விழுந்தால், உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. காசில்லாத பரிசோதனை, அப்பா முதல் முதலில் எனக்குக் காட்டித் தந்தது இதைத்தான்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், சட்டை அழுக்கானால் ஆகட்டும். சேஸிஸில், முக்கியமாகப் பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில், வெல்டிங் தழும்பு இருக்கிறதா? ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை சேர்த்திருக்கிறார்களா? அந்த ஒரு பட்டையே வண்டி எவ்வளவு லோடு பார்த்தது என்று சொல்லிவிடும். கிலோமீட்டர் முள் 60,000 காட்டலாம். பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் தேய்ந்து வழவழவென்று இருந்தால் முள்ளை நம்பாதீர்கள்.

கடைசியில் ஓட்டிப் பாருங்கள். மேட்டில் பெரிய கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது.

ஐந்தாம் படி: காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., சாலை வரி, புகைச் சான்று எல்லாம் எந்தத் தேதி வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷாவருஷம். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டால் கட்டாத அபராதமும் பைனான்ஸ் இருக்கிறதா என்பதும் தெரியும். பைனான்ஸ் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35 வேண்டும், பெயர் மாற்றத்துக்கு 29, 30. இவை கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: கிலோமீட்டர் கணக்கு

ஒரு உதாரணம் போடுகிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் பி.எஸ்.4 வண்டி, வாங்குவது 5,50,000 ரூபாய்க்கு. நான்கு வருஷம் ஓட்டி 2,50,000க்கு விற்கிறோம். வருஷத்துக்கு 30,000, மொத்தம் 1,20,000 கிலோமீட்டர்.

விலையில் இழப்பது 3,00,000. கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய்.

வட்டி: 4,00,000 கடன், மூன்று வருஷம், "ஒன்பது பர்சென்ட் பிளாட்". வட்டி மட்டும் 1,08,000, கிலோமீட்டருக்கு 90 பைசா. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பிளாட் ஒன்பது என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மாதம் 14,111 ரூபாய் கட்டும் இந்தக் கடனை வங்கி முறையில் கணக்கிட்டால் வட்டி 16 சதவீதத்தைத் தாண்டும். பைனான்ஸ்காரரிடம் "குறையும் பாக்கிக்கு எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள்.

டீசல்: லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 12 என்றால் 7.67 ரூபாய்.

இன்சூரன்ஸ்: 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூனில் 16,049 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், வரி தனி. நம் வண்டிக்கான பாதுகாப்பும் சேர்த்து வருஷம் 26,000 என்று வைத்தால் 87 பைசா. எஃப்.சி., வரி, புகைச் சான்று வருஷம் 10,000, அது 33 பைசா.

டயர்: நான்கும் 28,000 ரூபாய், 45,000 கிலோமீட்டர் உழைத்தால் 62 பைசா. ஆயில் மாற்றுவது 10,000 கிலோமீட்டருக்கு 6,000 ரூபாய், 60 பைசா. கிளட்ச், பிரேக், பேட்டரி, இன்ஜெக்டர் வேலை என்று நான்கு வருஷத்துக்கு 1,20,000 ஒதுக்கினால் 1 ரூபாய்.

கூட்டினால் 14.49. பதினான்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் கூலி நாளைக்கு 800 இதில் சேரவில்லை. நீங்களே ஓட்டினாலும் அதைத் தனியாக எழுத வேண்டும். உங்கள் உழைப்பை இலவசமாக வைத்துக் கணக்குப் போட்டால் லாபம் வருகிற மாதிரியே தெரியும், வீட்டுக்கு எதுவும் வராது.

மைலேஜை மட்டும் மாற்றிப் பாருங்கள். 12க்குப் பதில் 10.5 கொடுத்தால் வருஷத்துக்கு 32,000 ரூபாய்க்கு மேல் கூடும். அதனால் மைலேஜை விற்பவர் வாயிலிருந்து எடுக்காதீர்கள். டேங்கை நிரப்புங்கள், லோடோடு ஒரு வாரம் ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை வந்துவிடும்.

ஏழாம் படி: நிற்கிற நாளுக்கு விலை போடுங்கள்

மேலே உள்ள கணக்கில் விலை இழப்பு, வட்டி, இன்சூரன்ஸ், எஃப்.சி. நான்கும் வண்டி ஓடினாலும் நின்றாலும் உண்டு. வருஷம் 1,38,000 ரூபாய், நாளைக்கு 378. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் இது போவதோடு வருமானமும் போகும். வண்டி நம்பகமானதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்: வருஷத்தில் எத்தனை நாள் நின்றது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரேடியேட்டர் மேல் ஹோஸில், கிளாம்ப் பக்கத்தில், விரல் நக அளவுக்குப் பச்சைக் கறை. கூலண்ட் கசிவு. நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். ஹோஸ் விலை 350 ரூபாய். தக்காளி சீசன், "ஞாயிற்றுக்கிழமை மாத்திக்கலாம்" என்று விட்டோம். வியாழக்கிழமை வத்தலக்குண்டு ரோட்டில் இன்ஜின் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. நிறுத்துவதற்குள் ஹெட் வளைந்துவிட்டது. பதினொரு நாள் வண்டி நின்றது. ரிப்பேருக்கு 28,000 ஆனது. அதைவிட வலித்தது, ஆறு வருஷமாக எங்களிடம் லோடு கொடுத்த கடைக்காரர் அந்தப் பதினொரு நாளில் வேறு வண்டிக்குப் பழகிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, காய் காத்திருக்காது. அப்பா ரொம்ப நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வண்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

3ஆம் தேதி. முள் 84,210. டீசல் 31 லிட்டர். கூலண்ட் சரி. ஆயில் சரி.
7ஆம் தேதி. முள் 84,655. இடது பின் டயர் உள்பக்கத் தேய்மானம். அலைன்மென்ட் பார்க்கணும்.
8ஆம் தேதி. அலைன்மென்ட் பார்த்தாச்சு. 400 ரூபாய். டீசல் ஃபில்டர் தண்ணி வடிச்சாச்சு.

காலையில் இரண்டு நிமிஷ வேலை. கூலண்ட், ஆயில், வண்டிக்கு அடியில் தரையில் சொட்டு இருக்கிறதா, நான்கு டயர். டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்து மாதம் ஒரு தடவை தண்ணீர் வடியுங்கள், மழைக்காலத்தில் இரண்டு தடவை. டீசலில் தண்ணீர் போனால் இன்ஜெக்டர் போகும், அது நான்கு இலக்கச் செலவில் நிற்காது.

எட்டாம் படி: வாடகை பேசுங்கள்

இப்போது கணக்கு கையில் இருக்கிறது. போக 60, வர 60 கிலோமீட்டர், திரும்பும்போது காலி வண்டி. 120ஐ பதினான்கரையால் பெருக்கினால் 1,740. கூலி 800. ஆக 2,540 ரூபாய் நம் அடக்கம். டோல்கேட், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. "பக்கத்து ஸ்டாண்டில் 2,200க்கு வர்றாங்களே" என்று பார்ட்டி சொல்வார். அங்கே நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ரிட்டர்ன் லோடு ஒண்ணு பிடிச்சுக் கொடுங்க, 2,200க்கே வர்றேன்" என்று சொல்லுங்கள். வரும் வழியில் ஐந்நூறு ரூபாய் லோடு கிடைத்தாலும் அடக்கத்துக்கு மேலே வந்துவிடுவீர்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த நடையை விட்டுவிடுங்கள், டீசலாவது மிஞ்சும்.