வைரஸைக் கொன்றது அல்ட்ராசவுண்டா, சூடா?

போன வாரம் தரமணியில் ஒரு லேபில், புதிதாகச் சேர்ந்த பையன் பெட்ரி தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தான். "ஒரு பிளாக் கூட இல்லை மேடம், அத்தனை வைரஸும் காலி." பிளாக் என்றால், உயிரோடிருக்கும் வைரஸ் தட்டிலுள்ள செல்களை அழித்து உண்டாக்கும் வெற்றுப் புள்ளி. சோனிகேட்டரிலிருந்து (அல்ட்ராசவுண்ட் கருவி) எடுத்ததும் டியூபைத் தொட்டுப் பார்த்தாயா என்றேன். விழித்தான்.

அல்ட்ராசவுண்ட், யூ.வி., ஒளியோடு சாயம் என்று வைரஸைக் கொல்லும் சோதனைகளில் முடிவைப் பொய்யாக்கும் நான்கு தவறுகள்தான் இங்கே. கையுறை, யூ.வி. கண்ணாடி பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.

சூட்டை ஒலியின் கணக்கில் எழுதுவது

சோனிகேட்டரின் 20 கிலோஹெர்ட்ஸ் புரோப் (அதிரும் உலோகத் தண்டு) திரவத்தில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கிறது. அந்த அதிர்ச்சியும், அதில் பிறக்கும் ரேடிக்கல்கள் என்ற, எதனோடும் வினைபுரியும் துகள்களும்தான் வைரஸின் உறையைச் சிதைக்க வேண்டும். ஆனால் உள்ளே போகும் சக்தியில் பெரும்பகுதி கடைசியில் சூடாகத்தான் ஆகிறது.

நான் ஆறு வாரம் ஏமாந்தேன். கொழுப்பு உறை கொண்ட ஃபை6 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்), 5 மில்லி, பத்து நிமிடம் விடாமல். தட்டு சுத்தம். கைடு ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை டிகிரிம்மா?" ஐஸ் தொட்டியில் 2 என்றேன். தெர்மாமீட்டரை டியூபுக்குள் விடச் சொன்னார். 58! மே மாதம், ஏ.சி. வேறு படுத்திருந்தது, ஐஸ் உருகி டியூபில் திரவமட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதே 58 டிகிரியில் வாட்டர் பாத்தில் சும்மா வைத்த ஃபேஜும் செத்தது. ஆக, ஆறு வாரம் ரசம்தான் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அதனால் சொல்கிறேன்: வெறும் ஐஸ் துண்டுகள் டியூபைச் சரியாகத் தொடாது, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். 5 விநாடி ஓட்டி 10 விநாடி நிறுத்துங்கள். டியூபுக்குள் என்ன சூடு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே சூட்டில் ஒலியில்லாமல் ஒரு கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் டியூப்) வையுங்கள். புரோப் முனை மேலே வந்தால் நுரைதான் மிஞ்சும்.

மூடியோடு யூ.வி.

254 நானோமீட்டர் ஒளி சாதாரணக் கண்ணாடியையோ பிளாஸ்டிக் மூடியையோ தாண்டாது. கழற்றுங்கள்.

இருட்டு கன்ட்ரோலை மேசையில் விடுவது

மெத்திலீன் ப்ளூ சிவப்பு ஒளியை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிடும் சாயம்; அந்த ஆக்சிஜன்தான் வைரஸைத் தாக்கும். அதற்கு உங்கள் எல்.இ.டி.தான் வேண்டும் என்றில்லை, கூரையில் எரியும் டியூப் லைட்டே போதும். ஒளி படாமல் ஒப்பிட வைக்கும் டியூப்தான் இருட்டு கன்ட்ரோல்; அதற்குச் சாயம் கலந்த நிமிடத்திலிருந்து ஃபாயில் சுற்றுங்கள். தட்டில் ஊற்றும்போதும் விளக்கைக் குறையுங்கள். மிச்சச் சாயம் அங்கேயும் வேலை செய்யும்.

பி.சி.ஆரை நம்புவது

செத்த வைரஸின் ஆர்.என்.ஏ. துண்டும் பாசிட்டிவ் காட்டும். பிளாக் எண்ணுங்கள்.