சாஸ்-ஃபேயில் மார்மொட் பார்க்கப் போவது எப்படி?

சுவிஸில் இருந்துகொண்டே பிள்ளைகளுக்கு மலை விலங்குகளைக் கம்பிவேலிக்குப் பின்னால் மட்டும் காட்டியிருக்கிறீர்களா? முதல் பயணத்துக்கு வலே மாநிலத்துச் சாஸ்-ஃபேயைத்தான் சொல்வேன். அங்கே 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்பீல்போடனில் மார்மொட்கள் மனிதருக்குப் பழகியவை. அணில் குடும்பம்தான், ஆனால் மரம் ஏறாது. வளை தோண்டி வாழும்.

1. மாதம்

ஒக்டோபரில் வளைக்குள் போனால் ஏப்ரல் வரை தூக்கம். ஜூலையில் குட்டிகள் வெளியே வரத் தொடங்கும். ஆகவே பள்ளிக்கூட விடுமுறையே சரியான காலம்.

2. வெளிக்கிடுதல்

பேர்னிலிருந்து விஸ்ப் வரை ரயிலில் ஒரு மணி நேரமளவில் போகலாம். 2007இல் திறந்த, 34.6 கிலோமீட்டர் நீளமான லொட்ஷ்பேர்க் சுரங்கம் செய்த உபகாரம் அது. விஸ்பில் மஞ்சள் போஸ்ட் பஸ் ஏறுங்கள். காரில் வருபவர்கள் ஊர் வாசலிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே கார் ஓடாது. பிறகு ஸ்பீல்போடனுக்குக் கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு. அது அன்று ஓடுகிறதா என்று முதல்நாளே பாருங்கள்.

காலையிலேயே மேலே நிற்பது நல்லது. வெயில் ஏறினால் மார்மொட்கள் வளைக்குள் ஒதுங்கிவிடும். பிற்பகலில் இடிமழையும் வரலாம்.

3. பை

மார்மொட்களுக்குத் தீனியாகக் கரட், உப்பில்லாத கச்சான். எங்களுக்கு றோல்ஸ், வடை, தண்ணீர். கோடையிலும் ஜக்கெட், தொப்பி, சன் கிரீம் வேண்டும். மிக்சர் பையைத் திறந்தால் பிள்ளை ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடும். உப்பும் மிளகாயும் அவற்றுக்கு ஆகாது, பாணும் சொக்லேட்டும் அப்படித்தான். மிக்சரை வீட்டிலேயே விடுங்கள்.

4. சந்திப்பு

பெற்றோர் அவசரப்படும் இடம் இதுதான். வளையைக் கண்டதும் அதன் வாசலை மறித்து நிற்காதீர்கள். தப்பியோடும் வழி அடைபட்டால் எந்த விலங்கும் கிட்ட வராது. கொஞ்சம் தள்ளிப் புல்லில் இருங்கள். பிள்ளையையும் இருத்துங்கள். பேசலாம், ஆனால் ஓடக்கூடாது. கரட்டின் ஒரு முனையைப் பிடித்து நீட்டச் சொல்லுங்கள். முன்பல் கூர்மையானது, விரல் நுனியில் கச்சான் கொடுப்பதைவிட விரித்த உள்ளங்கையில் வைப்பது பாதுகாப்பு. தடவ வேண்டாம், தூக்கவே வேண்டாம்.

திடீரென்று ஒரு நீண்ட விசில் கேட்டால் வானத்தைப் பாருங்கள், கழுகு வட்டமிடலாம். விட்டுவிட்டுப் பல விசில் என்றால் நரியோ நாயோ தரையில் வருகிறது. என்னைக் கேட்டால், தீனி கொடுப்பதைவிட இதைக் கவனிப்பதுதான் சுவாரசியம்.

கடைசியில் கை கழுவுங்கள். பழக்கப்படாத மார்மொட்களுக்கு வேறு மலைகளில் தீனி கொடுக்காதீர்கள்.

5. மாடு

பிள்ளைகள் பயப்படாதது மாட்டுக்கு. உண்மையில் கவனம் வேண்டியதும் அங்கேதான். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் தாய்மாடு முட்ட வரும். கன்றைத் தடவப் போகாமல் சுற்றி விலகி நடங்கள். உங்கள் நாயைக் கண்டு மாடு பாய்ந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பும்.

6. இறக்கம்

கடைசிக் கொண்டோலா எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவையுங்கள். தவறவிட்டால் ஊர் 1,800 மீட்டரில், களைத்த பிள்ளையோடு செங்குத்தான இறக்கம். வலேயில் அவசர உதவிக்கு 144.