வீட்டிலேயே வண்டியைப் பழுது பார்க்க என்னென்ன கருவி வாங்கலாம்?

தர்மபுரிப் பக்கம் வீட்டு முற்றத்திலேயே காரைப் பழுது பார்க்க நினைப்பவர்கள், நூறு உருப்படி அடங்கிய பெரிய கருவிப் பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். 8 முதல் 19 மி.மீ. வரை ரிங் ஸ்பேனரும் (முனையில் வளையம் உள்ள ஸ்பேனர்), சாக்கெட் செட்டும் (நட்டின் மேல் தொப்பிபோல் மாட்டித் திருகுவது) இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். வாங்கும்போது சாக்கெட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். 12 முனை உள்ளதைவிட 6 முனை உள்ளதே நல்லது; இறுகிப்போன போல்ட்டின் தலையை எளிதில் வழித்துவிடாது. சக்கர நட்டு 17, 19, 21 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும், அளந்து வாங்குங்கள்.

கஞ்சத்தனமே கூடாத இடம் ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி. ஹைட்ராலிக் ஜாக் வண்டியைத் தூக்க மட்டும்தான். உள்ளே சீல் கசிந்தால் வண்டி அப்படியே இறங்கிவிடும். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நீட்டவே நீட்டாதீர்கள். செங்கல்லை அடுக்கி வைப்பது உயிரோடு விளையாடுவது. மண்தரையாக இருந்தால், அதுவும் மழைக்குப் பிறகு, ஸ்டாண்டின் கால் புதையும். தடித்த இரும்புத் தகட்டை அடியில் போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

நீண்ட இறக்கமுள்ள தொப்பூர் கணவாயில் அடிக்கடி இறங்கும் வண்டி என்றால், பிரேக் வேலையை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.