கியூபாக் கப்பலில் ஏறுமுன்: மட்டக்களப்பார் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமாட லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினால், கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஒரு பேச்சுக் கட்டாயம் எழும்பும். "டிசம்பரில எல்லாருமாச் சேந்து உல்லாசக் கப்பலில ஒரு குறூஸ் போவம், கியூபாவையும் பாத்திட்டு வருவம்." மாரி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் நிற்கும் காலத்தில் அங்கே நல்ல வெயில், இதமான காற்று. ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் காசு கட்டிய பிறகுதான் ஆட்கள் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். அதுவும் ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள்.

கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்கக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

மயாமிக் கப்பலைத் தேடுவது

1962-இலிருந்து அமெரிக்கா கியூபாவுக்கு முழு வர்த்தகத் தடை போட்டிருக்கிறது. இடையில் ஒரு சின்னக் கதவு திறந்தது. 2016 மே 2-ஆம் திகதி மயாமியிலிருந்து அடோனியா என்ற கப்பல் ஹவானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று வருடம் ஓடியது அந்தச் சேவை. 2019 ஜூன் 4-இல் அறிவித்தார்கள், மறுநாளே மூடினார்கள். அந்த மூன்று வருடத்தில் எழுதிய விளம்பரங்களும் வீடியோக்களும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. கைபேசியில் பார்த்துவிட்டு "மயாமியில ஏறி ஹவானாவில இறங்கலாமாம்" என்று வருகிறவர்கள் பார்த்தது அந்தப் பழசைத்தான்.

பெரிய கொம்பனிகள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. கியூபாவுக்குப் பயணிகளை ஏற்றி இறக்கிய கப்பல் விசேட அனுமதி இல்லாமல் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. அதோடு, புரட்சிக்குப் பிறகு கியூப அரசு பறித்த சொத்துகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற சட்டப் பிரிவை 2019 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஹவானாத் துறைமுக மேடைகளுக்கு முன்பு உரிமை வைத்திருந்த நிறுவனம் நான்கு பெரிய குறூஸ் கொம்பனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. கோடிக்கணக்கான டொலர் வழக்கு அது. அதனால் கியூபாவைத் தொடுவது அமெரிக்காவுக்கு வெளியே புறப்படும் சில கப்பல்கள் மட்டும்.

அப்படி ஒன்று கிடைத்தாலும் பயணத்திட்டத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். எங்கே ஏறுகிறீர்கள், எங்கே இறங்குகிறீர்கள், நடுவில் எந்தெந்த நாட்டுத் துறைமுகம். ஒவ்வொரு துறைமுகமும் ஒரு நாட்டு எல்லை. ஏழு நாள் பயணத்தில் ஐந்து நாடு என்றால், இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஐந்து நாட்டு விசா விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். காசும் திரும்பி வராது, ஏனென்றால் பத்திரங்கள் பயணியின் பொறுப்பு என்று ரிக்கற்றின் நிபந்தனையில் எழுதியிருக்கும். அதே நிபந்தனையில் இன்னொன்றும் இருக்கும்: எந்தத் துறைமுகத்தையும் கொம்பனி நினைத்தபோது மாற்றலாம். கியூபாவுக்காகவே காசு கட்டியவர் கியூபாவைப் பார்க்காமலே திரும்பவும் கூடும்.

ஒரு நாள்தானே என்று நினைப்பது

கப்பலால் இறங்கி ஒரு நாள்தானே கியூபாவில் நிற்கிறோம், பிறகு அமெரிக்கா போக அதனால் ஒன்றும் வராது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் காதில் வாங்குவதில்லை. எரிச்சலே வருகிறது.

பிரித்தானியா, சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அமெரிக்காவுக்குப் போக விசா எடுக்கத் தேவையில்லை. எஸ்டா என்ற இணைய அனுமதி போதும். படிவத்தை நிரப்பிச் சுமார் 40 டொலர் கட்டினால், கிடைத்த அனுமதி இரண்டு வருடத்துக்குச் செல்லும். ஒரு தடவை போனால் 90 நாள் நிற்கலாம். நம் ஆட்களில் பாதிப் பேர் நியூயோர்க்கில் இருக்கும் சொந்தத்தைப் பார்க்க இப்படித்தான் போய் வருகிறார்கள்.

2021 ஜனவரி 12-ஆம் திகதி அமெரிக்கா கியூபாவைப் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. அன்றிலிருந்து கியூபாவில் கால் வைத்த எவருக்கும் எஸ்டா இல்லை. ஒரு வாரம் ஹோட்டலில் இருந்தவரும், கப்பலால் இறங்கி எட்டு மணித்தியாலம் பழைய கார்களைப் படம் பிடித்துவிட்டு ஏறியவரும் இங்கே ஒன்றுதான். அதற்குப் பிறகு அமெரிக்கா போக வேண்டுமென்றால் 185 டொலர் கட்டி, நீண்ட படிவம் நிரப்பி, தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் எடுத்துக் காத்திருந்து, விசா வாங்கித்தான் போக வேண்டும். கிடைக்காமலும் போகலாம்.

வழக்கமாக நடப்பது இதுதான். லண்டன் குடும்பம் ஒன்று, தாய் தகப்பன் மூன்று பிள்ளைகள், கரீபியன் கப்பலில் போகிறது. ஒரு நாள் கியூபா. எல்லாம் நல்லபடி முடிகிறது. இரண்டு வருடம் கழித்து மூத்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தால் பொஸ்ரனுக்கு ஒரு வாரப் பயணம், அல்லது நியூ ஜேர்சியில் ஒரு கலியாணம். ரிக்கற் போட்டாயிற்று. பயணத்துக்கு மூன்று நாள் இருக்க எஸ்டாப் படிவத்தைத் திறந்தால், கியூபாவுக்குப் போனீர்களா என்ற கேள்வி வருகிறது. அப்போதுதான் தொலைபேசி அடிக்கும். மூன்று நாளில் விசா எங்கே எடுப்பது?

எஸ்டா ஆளுக்கு ஆள் தனி. கைக்குழந்தைக்கும் அதே கணக்குத்தான். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து விசாக் கட்டணம். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறிப் போகவும் அனுமதி வேண்டும். அடுத்த வருடம் பஹாமாஸ் குறூஸ் போகலாம் என்றால் அந்தக் கப்பல்களில் அநேகமானவை புறப்படுவது மயாமியிலிருந்தும் ஃபோர்ட் லோடர்டேலிலிருந்தும். கியூபாவுக்கு ஒரு தரம் போய்விட்டு மற்ற எல்லாக் குறூசுக்கும் கதவைச் சாத்திக்கொள்வது போன்றது இது.

இதற்கு ஆட்கள் சொல்லும் சமாதானங்கள் நாலைந்துதான், எல்லாம் பிழை.

"பாஸ்போட்டில முத்திரையே குத்தேல்ல மனே." முத்திரை இருக்கிறதா என்று படிவம் கேட்பதில்லை, போனீர்களா என்றுதான் கேட்கிறது. இல்லை என்று எழுதி அது பிறகு பிடிபட்டால் பொய்த் தகவல் கொடுத்த குற்றம். அதற்குத் தண்டனை ஆயுள் முழுக்க அமெரிக்காவுக்குள் நுழையத் தடை. கப்பலில் எடுத்த படங்களை முகநூலில் போட்டுவிட்டு இப்படி எழுதுகிறவர்களை என்ன சொல்வது.

"என்னட்ட ரெண்டு பாஸ்போட் இருக்கு, சிலோன் பாஸ்போட்டில போயிருவன்." விதி போன ஆளுக்கு, புத்தகத்துக்கு அல்ல.

"அந்தப் பட்டியலில இருந்து கியூபாவ எடுத்தாச்சாம்." 2025 ஜனவரி 14-இல் எடுப்பதாக அறிவித்தது உண்மை. ஆறு நாளில் புதிய அரசு வந்து அதை ரத்துச் செய்ததும் உண்மை. முதற்பாதிச் செய்தி மட்டும் வட்ஸ்அப்பில் இன்னும் ஓடுகிறது.

"கனடாக்காரர் போய் வாறாங்களே?" கனடாக் குடியுரிமை உள்ளவருக்கு எஸ்டாவே தேவையில்லை, அதனால் இந்த விதி அவரைத் தொடாது. வரதெரோக் கடற்கரைக்கு வருடா வருடம் போய்வரும் ரொறன்ரோ மச்சான் சொல்வதை லண்டன் மச்சான் அப்படியே நம்பிப் போவதால் வரும் வினை இது. இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். கையில் இருக்கும் புத்தகம் வேறு.

இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவருக்கு எஸ்டா எப்படியும் இல்லை. அவர் இழப்பது எதுவுமில்லை. பின்னால் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால், ஐந்து வருடத்துக்குள் போன நாடுகளைக் கேட்கும் இடத்தில் கியூபாவை மறைக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பியக் கடவுச்சீட்டு உள்ள குடும்பத்தில் அமெரிக்காவில் படிக்க, வேலை செய்ய, சொந்தம் பார்க்க ஒரு பிள்ளையாவது போகக்கூடும் என்றால் அந்த ஒரு நாள் இறக்கத்துக்காகக் கியூபா வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் பத்து நாளாவது தரைவழியாகச் சுற்றிப் பாருங்கள். கொடுக்கும் விலைக்கு அதுவாவது மிஞ்சும்.

கனடாவுக்கு விசிட் போன அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது

மட்டக்களப்பிலிருந்து போன அம்மாவின் கனடா விசாவை எடுத்துப் பாருங்கள். பலமுறை நுழைய அனுமதி என்றால் சரி. ஒருமுறை மட்டும் என்றால் கியூபாவிலிருந்து கனடாவுக்குத் திரும்ப முடியாது. அமெரிக்காவுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, அது கியூபாவுக்கு இல்லை. முன்பெல்லாம் பத்து வருடப் பலமுறை விசா தாராளமாகக் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது அதிகாரியின் முடிவு. அதனால் அக்கா வாங்கியது மாதிரித்தான் தங்கைக்கும் கிடைத்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

கியூப விசாவும் அப்படித்தான். கனடாக்காரருக்கு இருக்கும் லேசான வழி இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இருக்கும் என்று நினைக்காமல், கொழும்பில் உள்ள கியூபத் தூதரகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு முற்பணம் கட்டுங்கள். அந்த நாட்டோடு நமக்கு 1959-இலிருந்து உறவு. சே குவேரா அந்த வருடம் ஹொரணைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மஹோகனி மரம் நட்டுவிட்டுப் போனார். அதற்காக விசா சும்மா தரமாட்டார்கள். போய் இறங்குவதற்கு முந்திய ஏழு நாளுக்குள் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்பி, வரும் கியூஆர் குறியை அச்சடித்து வைத்திருக்கவும் வேண்டும்.

கொழும்பிலிருந்து ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விமான நிலையத்துக்கு வெளியே வராமல் மாறினாலும் ஷெங்கன் நாடுகளில் இலங்கையருக்கு இடைத்தங்கல் விசா தேவை. கனடா அல்லது அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு.

காப்புறுதி

கியூபாவுக்குள் நுழைய மருத்துவக் காப்புறுதி 2010-இலிருந்து கட்டாயம். அமெரிக்கக் கொம்பனியின் பொலிசி அங்கே செல்லாது. பொலிசியில் கியூபா என்ற பெயர் எழுதியிருக்க வேண்டும்.

காசு

போன தடவை மிஞ்சியது என்று மாமா கொடுக்கும் பழைய மாற்று பெசோ நோட்டு வெறும் கடதாசி. 2021-இல் அந்த நாணயத்தை ஒழித்துவிட்டார்கள். அமெரிக்க வங்கி அட்டை வேலை செய்யாது. மற்ற நாட்டு அட்டை வேலை செய்தாலும் கரண்ட் இல்லாத நேரத்தில் மெசினும் இல்லை. சின்ன நோட்டுகளாக யூரோ கொண்டு போங்கள். கிழிந்த நோட்டு, பேனாவால் எழுதிய நோட்டு வேண்டாம்.

கரண்ட்

2024 ஒக்டோபர் 18-ஆம் திகதி முழு நாட்டுக்கும் ஒரேயடியாக மின்சாரம் போனது. அதற்குப் பிறகும் பல தடவை. 2022-இல் இலங்கையில் மின்வெட்டால் நாம் பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். கப்பலில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. தரையில் தங்குகிறவர் ஜெனரேற்றர் உள்ள இடமா என்று கேட்டுப் பதிய வேண்டும். பிரஷர் குளிசை, இன்சுலின், பனடோல் எதுவும் அங்கே வாங்கலாம் என்று போகக் கூடாது. பயண நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மருந்தும் டொக்டரின் துண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் அல்ல.

மலிவென்று ஒக்டோபரில் போவது

ஜூன் முதலாம் திகதியிலிருந்து நவம்பர் முடிய அங்கே சூறாவளிக் காலம். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23 ஞாபகம் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

ட்ரோன்

கொண்டு போகாதீர்கள். சுங்கத்தில் பிடித்து வைப்பார்கள்.

கடவுச்சீட்டைக் கப்பலில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவது

பல கப்பல்களில் ஏறியதும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், துறைமுக அதிகாரிகளுக்குக் காட்ட. அதில் பிழையில்லை. ஆனால் கொடுக்குமுன் படம் உள்ள பக்கத்தையும் ஒவ்வொரு விசாப் பக்கத்தையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதைக் கூட வரும் ஒருவரிடமும் வைத்திருங்கள். கப்பல் அட்டையின் பின்பக்கத்தில் அந்தத் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதுங்கள். அந்த இலக்கம் ஒவ்வொரு நாளும் அறைக்கு வரும் தாளில் இருக்கும். கப்பல் திரும்பி ஏறச் சொன்ன நேரம் கப்பலின் கடிகாரப்படி. கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கும். பிந்தினால் கப்பல் நிற்காது, கடவுச்சீட்டை மட்டும் முகவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும்.