உப்பளத்தில் எட்டு நிமிடப் படம்

மனிதர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய் வாருங்கள் என்பதுதான். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எட்டு நிமிடப் படம் எடுத்தபோது மூன்று நாள் வெறுங்கையோடு போனேன். வெயிலுக்குப் பயந்து பலர் விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்கிவிடுகிறார்கள். பத்து மணிக்குப் போயிருந்தால் ஆறிப்போன வேலையைத்தான் எடுத்திருப்பேன்.

தொழிலையும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். உப்புநீரைத் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, 25 டிகிரியை நெருங்கும்போது பாத்தியில் உப்பு கட்டும். அந்த டிகிரி சூட்டைக் குறிப்பதல்ல, நீரின் அடர்த்தியைக் குறிப்பது. இதுகூடத் தெரியாமல் போனால் நம்மிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

அப்புறம் ஒலி. கேமராவோடு போன முதல் நாள் பேட்டி முழுக்க எனக்கு வீணானது. கடற்காற்று மைக்கில் அடித்து, பேட்டி கொடுத்த உப்பளத் தொழிலாளி அக்காவின் குரலையே விழுங்கிவிட்டது. காலர் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, மயிர் உறை வேண்டும். ஹெட்போன் மாட்டாமல் ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யாதீர்கள். பலகையால் உப்பை வாரும்போது முதலில் 'கறக்' என்று பாளம் உடையும். பிறகு ஈரமணல் சரிவதுபோல ஒரு நீண்ட ஓசை. அதை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து வைத்தேன். படம் அந்த ஓசையில்தான் தொடங்குகிறது.

வெள்ளை உப்பைக் கண்டதும் கேமரா தானாகவே காட்சியை இருட்டாக்கும், முகம் கருத்துப்போகும். கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ அமைப்பை நிறுத்திவிட்டு, முகம் தெளிவாகத் தெரியும்படி வெளிச்ச அளவை நீங்களே வையுங்கள். உப்பு சற்று வெளுத்தாலும் பரவாயில்லை.

பேட்டியில் "கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டால் "ஆமா தம்பி" என்பதோடு கதை முடிந்துவிடும். "காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்து விநாடி சும்மா இருங்கள். அப்படி இருந்தபோதுதான் அந்த அக்கா, "ராத்திரி கால்ல தேங்காயெண்ணெய் தேய்ப்பேன். எண்ணெய் படும்போதுதான் எங்கெங்க வெடிச்சிருக்குன்னு தெரியும்" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த எந்தக் கேள்விக்கும் இந்தப் பதில் வந்திருக்காது.

வெயில் மாதங்களில் மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, உப்பு இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நவம்பரில் திரும்பப் போனேன். மழைநீர் நின்ற பாத்திகளையும், சுவரில் சாய்த்து வைத்திருந்த வாருபலகையையும் எடுத்தேன். ஒரு வார்த்தை வசனம் இல்லாமலே அந்த மூன்று மாதம் புரிந்துவிடுகிறது.

எடிட்டிங்கில் நான் செய்வது ஒன்றுதான். பேட்டி முழுவதையும் கையால் எழுதி, மனத்தில் நிற்கிற வரிகளை மட்டும் கத்தரித்துத் தரையில் வரிசைப்படுத்துவேன். கணினியில் உட்காருவது அதற்குப் பிறகுதான்.

வெளியிடுவதற்கு முன் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலிலேயே சம்மதம் வாங்கியிருந்தாலும் சரி. அந்த அக்கா, வெடித்த பாதத்தை நெருக்கத்தில் காட்டும் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். "பொண்ணுக்கு வரன் பாக்குறோம் தம்பி. அதைப் பாத்து யாரும் எதுவும் சொல்லிறக்கூடாது." படத்திலேயே சிறந்த காட்சி அது. அன்று இரவே நீக்கினேன். அந்த இடத்தில் இப்போது எண்ணெய்க் கிண்ணமும் அவர் குரலும் மட்டும் இருக்கின்றன.