நீச்சல்குளத்தில் பாசி திரும்பத் திரும்பப் படர்ந்ததன் காரணம்

எங்கள் வீட்டு நீச்சல்குளத்தில் எவ்வளவு குளோரின் போட்டாலும் பத்து நாளுக்குள் ஏணியின் பின்புறத்தில் பச்சைப் பாசி வழவழவென்று படர்ந்துவிடும். குளோரின் குறைவு என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால், தண்ணீரை முழுமையாகச் சோதித்தபோது, மாதக்கணக்கில் நான் போட்டுவந்த குளோரின் மாத்திரைகளிலிருந்து சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்) சேர்ந்து லிட்டருக்கு 120 மில்லிகிராமை எட்டியிருந்ததும், அது குளோரினைப் பிடித்துவைத்து வீரியத்தை அடக்கியதும் விளங்கியது. இந்த அமிலம் வெயிலில் ஆவியாவதில்லை. தண்ணீரை மாற்றுவதே வழி.

பாதித் தண்ணீரை மாற்றியதும் அந்த அமிலத்தின் அளவு 60 ஆகக் குறைந்தது. தண்ணீரின் அமில-காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவை 7.2-க்குக் கொண்டுவந்து, பொழுது சாய்ந்தபின் திரவக் குளோரின் ஊற்றி அதன் அளவை லிட்டருக்கு 24 மில்லிகிராமுக்கு உயர்த்தி, தினமும் சுவரைத் தேய்த்து, வடிகட்டியை நிறுத்தாமல் ஓட்டினேன். குளத்துக்குள் இருக்கும் விளக்கின் வளையத்தைக் கழற்றியபோது அதன் பின்னால் பாசி கெட்டியாக ஒட்டியிருந்தது. அதைத் தேய்க்காமல் விட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். பாசி மிச்சமிருந்தால் வெயிலில்லாத இரவிலும் குளோரின் குறையும் என்பதால், தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடாமல், இரவு முழுவதும் குறையும் குளோரின் 1 மில்லிகிராமுக்குள் அடங்கும்வரை தொடர்ந்தேன். அதுவரை யாரையும் குளத்தில் இறங்க விடவில்லை. இப்போது மாத்திரையை விட்டுவிட்டு, திரவக் குளோரினால் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.