இரண்டு அப்ஸ்ட்ரீம் இருந்தும் ஒரு லைன் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறதா?

அம்பத்தூர் பக்கம் சின்னதாக ஐஎஸ்பி (இன்டர்நெட் கம்பெனி) நடத்துகிறீர்கள், சொந்த ஏஎஸ் எண் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), ஒரு /23 (512 ஐபி முகவரிகள் கொண்ட தொகுதி), இரண்டு அப்ஸ்ட்ரீம் லைன் (உங்களுக்கு இன்டர்நெட் தரும் பெரிய கம்பெனிகளின் இணைப்பு). ராத்திரி ஒன்பதரைக்கு கிராஃபைத் திறந்தால் முதல் லைன் உச்சியில் தட்டையாக நிற்கிறது, இரண்டாவது சும்மா கிடக்கிறது. அதற்குள் போன்: "அண்ணே, நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு."

வெளியே போகும் டிராஃபிக் நம் கையில் இருக்கிறது, லோக்கல் பிரிஃபரன்ஸை (எந்த வழிக்கு முன்னுரிமை என்று ரூட்டரில் வைக்கும் மதிப்பு) மாற்றினால் திரும்பிவிடும். உள்ளே வருவது அப்படியில்லை. மதுரையிலிருந்து வரும் மாமா தாம்பரத்தில் இறங்குவாரா எழும்பூரில் இறங்குவாரா என்பது அவர் பாடு, "தாம்பரம்தான் பக்கம் மாமா" என்று நாம் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எல்லாரும் முதலில் கை வைப்பது பிரிபெண்டில். நெரியும் லைனில் நம் ஏஎஸ் எண்ணைக் கூடுதலாக இரண்டு மூன்று தடவை ஒட்டி, பாதையை நீளமாகக் காட்டுவது. கொஞ்சம் நகரும். ஆனால் பாதை நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரூட்டர் லோக்கல் பிரிஃபரன்ஸைப் பார்த்துவிடுகிறது, பெரும்பாலான அப்ஸ்ட்ரீம்கள் வாடிக்கையாளர் தரும் ரூட்டுக்குத்தான் அங்கே அதிக மதிப்பு வைத்திருப்பார்கள் (காசு வருகிற பக்கமாச்சே). அதனால் அவர்கள் நெட்வொர்க்குக்குள் வந்து சேர்ந்த டிராஃபிக், நீங்கள் எத்தனை ஒட்டினாலும் அதே லைனில்தான் இறங்கும். மூன்றுக்கு நகராதது பெரும்பாலும் பத்துக்கும் நகராது. எம்இடி (எந்த லைனில் வரலாம் என்று பக்கத்து நெட்வொர்க்குக்குச் சொல்லும் குறிப்பு) இங்கே உதவாது, ஒரே கம்பெனியிடம் இரண்டு லைன் இருந்தால்தான் அதற்கு வேலை.

அந்த லோக்கல் பிரிஃபரன்ஸையே குறைக்கச் சொல்வதுதான் கம்யூனிட்டி, நம் ரூட் அறிவிப்போடு ஒட்டி அனுப்பும் குறியீட்டு எண். அப்ஸ்ட்ரீமின் என்ஓசிக்கு (நெட்வொர்க்கைக் கவனிக்கும் குழு) மெயில் போட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், குறிப்பிட்ட பியருக்கு (அவர்களோடு இணைந்த இன்னொரு நெட்வொர்க்) மட்டும் பிரிபெண்ட் செய்யும் எண்கள்கூட அதில் இருக்கலாம். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் (ரூட்டர் மென்பொருள்) அந்த அப்ஸ்ட்ரீம் நெய்பருக்கு சென்ட்-கம்யூனிட்டி கட்டளை போட மறந்தால் கம்யூனிட்டி எதுவும் வெளியே போகாது, நீங்கள் மறுநாள் முழுக்க அப்ஸ்ட்ரீமோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இதுவும் போதவில்லை என்றால் /23ஐ உடைக்க வேண்டியதுதான். முதல் /24 (அதாவது பாதி) ஒரு லைனில் மட்டும், இரண்டாவது /24 மற்றதில் மட்டும், கூடவே முழு /23 இரண்டிலும். சின்ன பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) எப்போதும் ஜெயிக்கும், மற்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். கேபிள் அறுந்தால் அந்த /24 மறைந்து /23 தாங்கிக்கொள்ளும், அதனால் /23ஐ எடுத்துவிடாதீர்கள். /24க்குக் கீழே உடைத்தால் பெரும்பாலானவர்கள் வடிகட்டிவிடுவார்கள். உலகத்து ரூட்டிங் டேபிளை வீங்க வைக்கும் வேலை என்பதால் எனக்கு இது பிடிக்காது, ஆனால் ராத்திரி ஒன்பதரைக்குக் கொள்கை பேச முடியாதே.

உடைத்த பிறகு அளவைச் சரிசெய்ய நம் ஊர் ஐஎஸ்பிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது: சிஜிநாட், பல சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. சந்தாதாரர் எந்தப் பொது ஐபியில் வெளியே போகிறாரோ, அவருக்கு வரும் டிராஃபிக் அந்த ஐபியைத்தான் தேடி வரும். முதல் லைன் இன்னும் நெரிந்தால், ஒரு ஏரியாவின் நாட் பூலை (பொது ஐபிகளின் தொகுப்பை) இரண்டாவது /24க்கு மாற்றுங்கள். கொரட்டூரை மட்டும் மாற்றிவிட்டு அன்று ராத்திரி கிராஃபைப் பாருங்கள், போதவில்லையா, அப்புறம் பாடி ஏரியா. பிஜிபியை (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை, இதற்கு முன் சொன்னதெல்லாம் அதில்தான்) தொடவே வேண்டாம். மாற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் செஷன்கள் அறும் என்பதால் விடியற்காலையில் செய்யுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது ஆர்ஓஏவில், அதாவது எந்த ஏஎஸ் எந்தப் பிரிஃபிக்ஸை அறிவிக்கலாம் என்று சொல்லும் பதிவில். /23க்கு மட்டும் ஆர்ஓஏ போட்டு, அதிகபட்ச நீளமும் 23 என்றே வைத்திருந்தேன். /24களை அறிவித்ததும் அவை இன்வேலிட் ஆகிவிட்டன, ஆர்பிகேஐ (அந்தப் பதிவுகளை வைத்து ரூட்டைச் சோதிக்கும் முறை) சரிபார்க்கிற நெட்வொர்க்குகள் தூக்கி எறிந்துவிட்டன. /23 உயிரோடு இருந்ததால் நெட் போகவே இல்லை, ஒரு புகார்கூட வரவில்லை, டிராஃபிக் மட்டும் அசையவில்லை. இரண்டு நாள் ரூட்டரின் ரூட்-மேப் விதிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அறிவிக்கப்போகும் /24 ஒவ்வொன்றுக்கும் முதலில் தனி ஆர்ஓஏ போடுங்கள், ரைப்ஸ்டாட் இணையதளத்தில் வேலிட் என்று தெரிந்த பிறகு ரூட்டரைத் தொடுங்கள்.

வெளியே போகும் ஃபில்டரில் உங்கள் பிரிஃபிக்ஸ் மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு அப்ஸ்ட்ரீமின் ரூட்டை இன்னொருவருக்குக் கொடுத்து, இரண்டு பெரிய கம்பெனிக்கு நடுவே உங்கள் சின்ன லைன் பாலமாகிவிடும். மாற்றியதும் பிஜிபி செஷனை அறுக்காமல் சாஃப்ட் கிளியர் கொடுங்கள், பிறகு வெளிநாட்டு லுக்கிங் கிளாஸ் (வேறு நெட்வொர்க்கின் ரூட்டரில் ரூட் எப்படித் தெரிகிறது என்று காட்டும் தளம்) இரண்டு மூன்றில் இரண்டு /24உம் எந்த வழியாகத் தெரிகின்றன என்று பாருங்கள்.

அப்புறம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்கு, முதல் லைனின் பிஜிபி செஷனை நீங்களே ஷட் செய்து, அதன் /24இல் இருக்கும் ஒரு ஐபிக்கு வெளியிலிருந்து பிங் ஓடவிடுங்கள். சில பாக்கெட் விழுந்து மறுபடி வந்தால் சரி. வரவே இல்லையென்றால் இரண்டாவது லைனில் /23 போகிறதா என்று பாருங்கள்.